வெர்லினின் கைகள்

எங்கள் நெப்ராஸ்கா சிற்றூரில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, அடக்கத்துக்குத் தயார்செய்பவர் டுவேன். என் கணவர் வெர்லினையும் அவர்தான் பெட்டியில் கிடத்தியிருந்தார். கடைசியாகக் கையைப் பிடிக்கக் குனிந்தேன், முடியவில்லை. காலமெல்லாம் டிராக்டர் பழுதுபார்த்த கையில் பொட்டு அழுக்கு இல்லை.

“இது யாரு கை, டுவேன்? கல்யாணத்தன்னிக்குக்கூட இவரு நகம் கறுப்பாத்தான் இருந்துச்சு.”

“நீ திட்டுவியேன்னுதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன், ஆர்டித்.”

“இனிமே யாரைத் திட்டப்போறேன்?”

அவர் வெளியே போனார். வெர்லின் எத்தனையோ முறை சரிசெய்து கொடுத்த சவவண்டியின் பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. விரல்நுனியில் கிரீஸோடு திரும்பினார்.

“அவன் வச்ச கிரீஸுதான். நீயே பூசிவிடு.”

நகக்கண்களில் பூசினேன். பிறகு அந்தக் கையைப் பிடித்தவள், பெட்டியை மூடும்வரை விடவில்லை.