சங்குமுனைச் சந்தை சம்மதித்த விதம்

1988ஆம் ஆண்டு ஆவணி மாதம் தொடக்கம் சங்குமுனைச் சந்தைச் சதுக்கத்துக்குள் எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அந்த மாதம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்தது, சீலா மீன் நன்றாகப் பட்டது, மழை பெய்யவில்லை. மணியடித்துக்கொண்டு வரும் சைக்கிள் தபாற்கந்தோர் மூலையைத் தாண்டியதும் மணி ஊமையாகிவிடும். மருந்துக்கடை மூலையால் வெளியே வந்ததும் மறுபடி கேட்கும். பேயின் வேலை என்று சொன்னவர்களும் உண்டு. பேய்க்கு அதில் பங்கில்லை. அது பட்டின அபிவிருத்திக் கந்தோர் என்ற அரசாங்க அலுவலகத்தின் வேலை.

ஷெல் விழுந்து சந்தைக் கூரை போனபின் மீன்காரப் பெண்கள் வெறுந்தரையில் சாக்கு விரித்து விற்றார்கள். அவர்களில் ஒருத்தி செபஸ்தியம்மா. அவளுடைய புருஷன் சந்தியோகு கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு போட்டது வேப்பமரத்தடியில் அந்தச் சாக்களவு நிலம்தான். அந்த நேரம் பார்த்துக் கந்தோருக்கு வெளிநாட்டுக் காசு வந்தது. ஊர் நடுவைப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம்: ஒரு மண்டபம், ஒரு பூங்கா, பூங்காவின் நடுவில் நீரூற்று. குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊருக்கு நீரூற்று! மீன்சந்தைக்கு உப்பளத்துக்கு அப்பால், சுடலைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். பிரேதம் வந்தால்தான் அங்கே சனம் வரும். பிரேதத்தோடு வந்தவர்கள் மீனா வாங்கிக்கொண்டு போவார்கள்?

கந்தோரின் திட்ட உத்தியோகத்தர் கனகலிங்கம் கொக்குவிலைச் சேர்ந்தவர், சுத்த சைவம். மீன்சந்தைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார். பொதுமக்களின் கருத்தை அறிய வேண்டும் என்று மேலிடம் சொன்னதால் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார். படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, கம்பால் தொட்டுத் தொட்டு விளங்கப்படுத்திவிட்டு, "ஆட்சேபனை உண்டோ?" என்று மூன்றுதரம் கேட்டார். பெண்கள் வாயே திறக்கவில்லை. கரையில் அதுதான் வழக்கம். வள்ளம் வந்ததும் மீனைக் குவித்து விலை கூறுவார்கள். விலை பிடிக்காவிட்டால் வாங்க வந்தவர்கள் வாய் திறப்பதில்லை. மூன்றுதரம் கூறியும் சத்தமில்லையென்றால் அந்த விலை செத்துவிடும். கூறுகிறவர் இறங்கி வந்து வேறு விலை சொல்லவேண்டும். வேண்டாம் என்பதை அதைவிட உரத்துச் சொல்ல அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

சில மாதங்களில் கனகலிங்கம் திருத்திய படத்தோடு மறுபடி வந்தார். "பாத்தியேடி, இறங்கி வாறார்" என்று பக்கத்துச் சாக்குக்காரி கத்தரீனா செபஸ்தியம்மாவின் காதுக்குள் சொன்னாள். அவர் எங்கே இறங்கினார்? திருத்திய படத்தில் பூங்கா பெருத்திருந்தது, வேப்பமரம் காணாமல் போயிருந்தது, மீன்சந்தை சுடலையையும் தாண்டிப் போயிருந்தது. பெண்கள் முன்னைவிட இறுக்கமாக வாயை மூடினார்கள். செபஸ்தியம்மா பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்தது. அதற்கும் அவள் முனகவில்லை. ஆவணியில் தபாற்கந்தோர்ச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். திருத்திய திட்டத்தைப் பொதுமக்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்களாம்.

செபஸ்தியம்மா தலையில் இருந்த மீன்கடகத்தை இறக்காமலே கந்தோருக்கு நடந்தாள்.

"தம்பி, நாங்கள் எப்ப ஓமெண்டனாங்கள்?"

கனகலிங்கம் சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். "நீங்கள் ஒருதரும் எதிர்த்துக் கதைக்கேல்லையே அம்மா."

"கதைக்கேல்லை. ரண்டு கூட்டத்திலையும் கதைக்கேல்லை. வேண்டாமெண்டு இதைவிட வேறை எப்பிடிச் சொல்லுறது?"

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி அம்மா. அது உலக வழக்கம்."

"உம்மடை உலகத்திலை வாய் திறக்காதவள் எல்லாம் ஓமெண்டவளோ? என்ரை பிள்ளையளைச் சுடலைச் சாம்பலைத் திண்டு வளரச் சொல்லுறீரோ?"

"இது முடிஞ்ச அலுவல். இனி ஒண்டும் செய்யேலாது."

"உமக்குச் சம்மதம்தானே வேணும்? சந்தைக்கு வாரும். வேணுமான மட்டும் தாறம்."

அன்று மத்தியானம் மீன்காரப் பெண்கள் எல்லோரும் சதுக்கத்தில் குந்தியிருந்து வாயை மூடினார்கள். கடல் கொண்டுபோனதற்கும் ஷெல் கொண்டுபோனதற்கும் ஆரிடமும் கேட்க முடியாமல் அடக்கி வைத்த ஆத்திரம் எல்லாம் அந்த மூடிய வாய்களுக்குள் இருந்தது. முதலில் வேப்பமரத்துக் காகங்களின் சத்தம் நின்றது. பிறகு அந்தோனியார் கோயில் மணி கேட்காமல் போனது. பிறகு யாழ்ப்பாணம் போகிற பஸ் உறுமாமல் கடந்து போனது. பொழுதுபடுவதற்குள் நான்கு மூலைக்குள்ளும் ஒரு சத்தமும் மிஞ்சவில்லை.

மறுநாள் நிலம் தோண்டும் அலவாங்குகளோடும் புல்டோசரோடும் ஆட்கள் வந்தார்கள். சத்தமில்லாத அடிக்கு வலு இல்லை என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. சுத்தியல் விழுந்தது, முளை இறங்கவில்லை. அலவாங்கு தரையைத் தொட்டு நின்றது. உறும முடியாத புல்டோசர் நகரவும் மறுத்தது. கனகலிங்கம் கதிரை ஒன்றின்மேல் ஏறி நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பெண்கள் கடைசிவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருடைய உலக வழக்கப்படியே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்து வியாபாரத்தைத் தொடங்கினார்கள்.

வெளிநாட்டுக் காசு வந்த வழியே போனது. கனகலிங்கம் மாற்றலாகிப் போனார். பதவி உயர்வோடு என்று கேள்வி. சதுக்கத்தில் விலையை விரலால் காட்டப் பழகினார்கள். சண்டை பிடிக்க வேண்டியவர்கள் மருந்துக்கடை மூலைக்கு வெளியே போய்ப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிப் பிளேன்கள் வந்தபோது, ஒரு குண்டு வேப்பமரத்தைத் தாண்டி மீன்களுக்கு நடுவில் விழுந்தது. சத்தம் இல்லாததால் அது வெடிக்கவில்லை. நான்கு பெண்கள் சேர்ந்து அதை ஓரமாக உருட்டிவிட்டு, நசிந்த மீனைப் பூனைக்குப் போட்டார்கள். செபஸ்தியம்மாவின் பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துத் தென்மராட்சிப் பக்கம் போனார்கள். அவளுடைய ஆத்திரம் மட்டும் போகவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய இயக்கக்காரரின் வாகனம் ஊரெல்லாம் திரிந்தது. இராணுவம் வருகிறது, சங்குமுனை உட்பட வலிகாமத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, உடனே வெளிக்கிடுங்கள் என்றது. இந்த முறை கூட்டம் இல்லை, சுவரில் படம் இல்லை, ஆட்சேபனை உண்டோ என்று ஒப்புக்குக்கூட ஒருவரும் கேட்கவில்லை. அடித்துக்கொண்டு வந்தவனும் பாவி, எழுப்பிக்கொண்டு போனவனும் பாவி. வாகனம் சதுக்கத்துக்குள் வந்ததும் ஒலிபெருக்கி அடங்கிப்போனது. தபாற்கந்தோர் மூலைக்கு வெளியே போய்க் கேட்டுவிட்டு ஓடிவந்த கத்தரீனா தெருவைக் காட்டினாள். தெரு முழுவதும் சனம், சைக்கிள், ஆடு, கட்டிலில் தூக்கிப்போகும் நோயாளிகள். செபஸ்தியம்மா எல்லாவற்றையும் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். கத்தரீனா கையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள், கடைசியில் தனியே போனாள்.

மார்கழியில் இராணுவம் சங்குமுனைக்கு வந்தபோது, சந்தைச் சதுக்கத்தில் ஒரு கிழவி மீனில்லாத சாக்கின்மேல் இருந்தாள். அதிகாரி அவளிடம் ஏதோ கேட்டான். மறுபடி கேட்டான். மூன்றாந்தரமும் கேட்டான். அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தாள். முட்கம்பிக்குக் கட்டை நட்டுப் பார்த்தார்கள், இறங்கவில்லை. காவலரணைத் தபாற்கந்தோர் மூலைக்கு அப்பால் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.