ஐம்பது பைக்கற்றுகளும் ஒரு சிட்டிகை மிளகும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வீதியில் பதுர்தீன் முதலாளியின் மிளகுக் கூடம் இருந்தது. நூறு கிராம் என அச்சிட்ட பைக்கற்றுகளில் ஓர் இயந்திரம் மிளகை நிரப்பும். அடுத்த மேசையில் ஆஸியா அவற்றின் வாயை ஒட்டுவாள். இயந்திரத்துக்குப் பொறுப்பானவன் கஜேந்திரன். அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியின் சாவி பதினோர் ஆண்டுகளாக அவனிடமே இருந்தது.

தரம் பார்க்கும் வேலைக்கு அவ்வாண்டு ரஜனி சேர்ந்தாள். முதலாளியின் மகன் நப்லான் வெளிநாட்டுப் படிப்பை முடித்துத் திரும்பியபோது கொணர்ந்த வரைபுக் கணிப்பான் அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. உயர்தர வகுப்பில் அவள் மணிவடிவச் செவ்வன் பரம்பலை அட்டவணை பார்த்தே கற்றிருந்தாள். கணிப்பானிலோ கீழெல்லை, மேலெல்லை, இடை எனும் சராசரி, சிதறலைக் காட்டும் நியம விலகல் ஆகிய நான்கையும் கொடுத்தாற் போதும். நிகழ்தகவு திரையில் தோன்றிவிடும்.

கொள்வனவு செய்யும் நிறுவனம் விதித்த நிபந்தனை ஒன்றே: ஆயிரம் பைக்கற்றுகளில் இருபத்தைந்துக்கு மேல் நூறு கிராமிற் குறையலாகாது. ஒரு புதன்கிழமை ரஜனி ஒட்டிய பைக்கற்றுகள் ஐம்பதை நிறுத்தாள். வெற்றுப் பையின் பாரம் கழித்தபின் இடை 103 கிராம். நியம விலகல் 1.5. கீழெல்லைக்கு மிகப் பெரிய மறை எண் ஒன்றையும் மேலெல்லைக்கு 100ஐயும் இட்டாள். விடை 0.0228. ஆயிரத்துக்கு இருபத்துமூன்று. தாளில் எழுதி, கையொப்பமிட்டுச் சுவரில் ஒட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, வியாழனும் வெள்ளியும் நிரப்பிய பெட்டிகளிலிருந்து நூறு பைக்கற்றுகளைப் பிரித்து நிறுத்தார். எட்டு குறைந்திருந்தன.

அவர் சென்றதும் பதுர்தீன் சுவர்த்தாளைக் காட்டினார்.

"ஆயிரத்துக்கு இருவத்திமூணுன்டு கணக்கு மிசின் சொல்லுது. நூத்துக்கு எட்டு எங்கால வந்த கஜேந்திரன்? சாவி ஒங்கிட்டதானே ஈக்கி?"

"நான் தொடவேயில்லங்க மொதலாளி."

"அப்ப கணக்குப் பொய்யா?"

"அந்தக் குட்டிப் பொட்டி வந்து ஆறு மாசங்க. நான் வந்து பதினோரு வருசம். அது வாயத் தொறந்ததும் நான் கள்ளனாயிட்டேன்."

மீண்டும் நிறுத்துப் பார்க்கும்படி பதுர்தீன் பணித்தார். ரஜனி அன்றைய ஐம்பதை நிறுத்தாள். இடை 103, நியம விலகல் 1.5, அதே 0.0228.

இது கஜேந்திரனுக்கு மேலும் பாதகமாயிற்று. இரண்டு நாள் குறைத்துவிட்டு, பிடிபடுவோமென்று அஞ்சித் திரும்பக் கூட்டிவிட்டான் என்று முதலாளி முடிவு செய்தார். பின்னேரம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். கஜேந்திரன் சாவியை அப்போதே கழற்றி ஆணியில் மாட்டினான்.

ரஜனி ஐம்பது நிறைகளையும் கணிப்பானில் ஒவ்வொன்றாக இட்டு வரைபாக்கினாள். வலப்பக்கம் சரிவாக இறங்கிற்று. இடப்பக்கமோ கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. செவ்வன் பரம்பலுக்கு இரு பக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். புதன்கிழமை அவள் சூத்திரத்தை மட்டும் இட்டிருந்தாள், வரைபைப் பார்த்தாளில்லை.

அவள் ஒட்டும் மேசையருகே சென்று நின்றாள். ஆஸியா ஒவ்வொரு பைக்கற்றையும் உள்ளங்கையில் ஒருகணம் தாங்கினாள். சிலவற்றை அப்படியே ஒட்டினாள். சிலவற்றில், பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை மிளகை இட்டு ஒட்டினாள்.

"என்ன ராத்தா போடுறீங்க?"

"லேசா ஈந்தா ஒரு சிட்டிக போடுற. அளவுல கொற வெச்சா அல்லா தார பரக்கத் போயிடும் புள்ள."

"எல்லா நாளும் போடுவீங்களா?"

"வந்த நாள்லேந்து. வியாழன், வெள்ளி மட்டும் வில்கமுவைல தங்கச்சிட ஊட்டுல நின்ட. பஸ் கெடைக்கல்ல. வேற ஆள்தான் ஒட்டின."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பைக்கற்றத்தானே நிறுத்த. என்னயவா கேட்ட?"

ரஜனி இயந்திரத்தின் வாயிலிருந்தே ஐம்பதை எடுத்து நிறுத்தாள். இடை 102.8, நியம விலகல் 2. விடை 0.0808. நூற்றுக்கு எட்டு.

அவள் சுவர்த்தாளைக் கிழித்தெடுத்து, இரண்டு விடைகளையும் பதுர்தீனின் மேசைமேல் வைத்தாள்.

"மிசினத் தொட்டது யாருமில்லங்க மொதலாளி. நான் எடுத்த எடந்தான் பிழை. ஆஸியா ராத்தா திருத்தின பைக்கற்ற நிறுத்துட்டு, மிசினோட கணக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஒனக்கு அடுத்த மாசம் நிரந்தரமாக்குற கடிதம் தரணும். தெரியுமா?"

"தெரியுங்க."

பதுர்தீன் கஜேந்திரனை அழைத்தார். "சாவிய எடு" என்றார். அவ்வளவே சொன்னார்.

கஜேந்திரன் உடனே எடுக்கவில்லை. "எத்தனைக்குத் திருப்பணும்னு கேட்டுச் சொல்லுங்க, அந்தப் பொட்டிக்கிட்ட" என்றான்.

"நூத்தி நாலு, கஜேந்திரண்ணே" என்றாள் ரஜனி.

அவன் திருகாணியைத் திருப்பினான். இயந்திரத்தின் வாயிலிருந்து எடுத்த ஐம்பதின் இடை 104. நியம விலகல் 2. விடை மீண்டும் 0.0228. ரஜனி அதை எழுதுமுன் வரைபைப் பார்த்தாள். இரு பக்கமும் சரிந்திருந்தன. வியாழன், வெள்ளிப் பெட்டிகளைத் திரும்பவும் பிரித்து நிறுக்கும் வேலை அவளுக்கே விதிக்கப்பட்டது; கடிதம் மூன்று மாதம் பிந்தும் என்று முதலாளி அறிவித்தார்.

ஆஸியா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் இனிப் போடாம ஈக்கணுமா?"

"போடுங்க ராத்தா. நான் நிறுக்க எடுத்த பொறகு போடுங்க."

கஜேந்திரன் இயந்திரத்தை ஓடவிட்டான்.