புகை விட்ட சீர்த்தட்டு

என் நிச்சயதார்த்தத்தன்று எனக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையே இல்லை. சரத் எங்கும் ஓடிப்போகிற ஆள் இல்லை. கவலையெல்லாம் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி மீதுதான்.

அது ஒரு கோஎன்சைம். சாப்பிட்ட சோற்றை உடம்பு சக்தியாக மாற்றும்போது கூடமாட நின்று வேலை செய்கிற பொருள். என் முனைவர் பட்ட ஆராய்ச்சியின் கடைசிச் சோதனைக்கு அது வேண்டும். தவம் கிடந்து வரவழைத்தது. இன்னொன்று வருவதற்குள் பல்கலைக்கழகம் தந்த கெடு முடிந்துவிடும். அன்று காலை சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் பூன் லேயில் இருக்கும் விநியோகக் கிடங்கிலிருந்து நானே வாங்கி வந்தேன். மண்டபத்துக்குப் போகிற வழியில் ஆய்வுக்கூட ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்று திட்டம். கரியமிலவாயுவை உறையவைத்த டிரை ஐஸ் நிரப்பிய ஸ்டைரோஃபோம் பெட்டியை எங்கள் ஆங் மோ கியோ வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுத் தலை பின்னப் போனேன். என்ன புத்திசாலித்தனம்!

சீர்த்தட்டுகளுக்குப் பொறுப்பு அம்மாவின் தம்பி மருதப்பன் மாமா. எண்ணிப் பார்த்தால் இரட்டைப்படை. சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். யோசித்து நேரத்தை வீணாக்குவது மாமாவுக்குப் பிடிக்காது. கண்ணில் பட்ட பெட்டியைத் தட்டில் வைத்து, ரிப்பன் கட்டி, வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"ஐஸ்கிரீம் கேக்குன்னுல்ல நெனச்சேன்! நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்றார், நான் தலை பின்னிவிட்டு வந்து பெட்டி எங்கே என்று கேட்டபோது, தப்பு என்னுடையது போல.

தேக்கா பக்கத்து மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீர் முழுக்க மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வரிசையாக இருந்தது.

"பெட்டிய மட்டும் போய் வாங்கிட்டு வந்துடறேன்மா" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "குடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா சம்பந்தமே வேணாம்னு அர்த்தம்டீ. வாயத் தெறக்காத!"

தட்டு மாற்றி முடிந்ததும், சரத்தின் அம்மா சரஸ்வதி அத்தை ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "இது என்ன, இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?" ரிப்பனை அவிழ்த்து மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிப் பழத்தட்டு வரை பரவியது. புகைக்குள் ஒரு குட்டிக் குப்பி. அதன் அடியில் பொடி.

சரத்தின் சித்தி ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "பையனுக்கு ஏதோ வசிய மருந்து போலலா!"

அம்மாவின் முகம் செத்துப்போனது. அத்தை குப்பியை எடுக்கக் கையை உள்ளே நீட்டினார்.

"அத்தை, தொடாதீங்க! கை புண்ணாயிடும்!"

கத்தியது நான்தான். கத்தியாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆராய்ச்சி, கெடு, மாமா, இரட்டைப்படை என்று அத்தனையும் கொட்டிவிட்டேன். பாதியில் அழுகையும் வந்தது. "ஐஸ் தீர்ந்துட்டா இது கெட்டுப்போயிடும் அத்தை. தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க."

"திருப்பியா? முடியாது" என்றார் அத்தை.

அத்தை நிதானமாக மூடியைப் பொருத்தி, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

"சீர்ல வந்துடுச்சு. இனி எங்க வீட்டுப் பொருள். கெட்டுப்போக விட்டுடுவேனா? சரத், காரை எடு. நானே கொண்டுபோய்ச் சேக்கிறேன். அனு, நீ லேபுக்கு வழி சொல்லு."

"அக்கா, சாப்பாடு?" என்று இழுத்தார் சித்தி.

"சாப்பாடு எங்கேயும் போயிடாது."

ஆய்வுக்கூட வாசலில் கார் நின்றதும் பட்டுப்புடவையோடு ஓடிப்போய்ப் பெட்டியை ஃப்ரீசரில் வைத்தேன். உள்ளே அனுமதி இல்லாததால் அத்தை வெளியே வராந்தாவில் நின்றார். நான் திரும்பி வந்ததும் கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த வேலைதானே?"

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். "ஆமா அத்தை."

"அப்ப நல்லாச் செய். எங்க வீட்டுப் பொருள வீணாக்கிடாத."

அந்த நிமிடம் எனக்குச் சரத்தைவிட அவருடைய அம்மாவைத்தான் அதிகம் பிடித்தது. காரில் ஏறியதும் சரத்திடமே சொல்லிவிட்டேன்.