இரண்டு கை வேலை

கருப்புத் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. கீபோர்டைக் காணோம், வந்தால் புது நிரலை ஏற்றிவிடுகிறேன் என்று கணினி காத்திருந்தது. ரூபேந்திரனும் காத்திருந்தான். அவனுடைய வலது கை, காலையில் அவன் தூக்கி வைத்த இடத்திலேயே மேசைமேல் கிடந்தது.

போன வருடம் சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லை தாண்டி மாசாயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தோள் நரம்பு அறுந்தது. கை இருக்கிறது, உணர்ச்சி இல்லை. அன்றிலிருந்து இந்த முன்கூடம்தான் அவன் உலகம். வாசல் கிரில்லின் பூட்டைத் திறக்கக்கூட ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொன்று சாவியைத் திருக வேண்டும். மனைவி லோஷினி பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறாள். அவள் எழுந்தால்தான் கதவு திறக்கும்.

வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் பதில் சொல்ல ஒரு கம்பெனி ஆள் தேடியது. இன்று மத்தியானம் தட்டச்சுத் தேர்வு. அதற்காகவே இடது கைக்கென்று பாதிக் கீபோர்டு ஒன்றைச் செய்திருந்தான். கட்டைவிரலால் நீள விசையைப் பிடித்துக்கொண்டால் வலப்பக்க எழுத்துகள் இடது விரல்களுக்கு வந்துவிடும். அதற்கான ஃபர்ம்வேரை, கீபோர்டுக்குள் ஓடும் நிரலை, மாதக்கணக்கில் கட்டளை கட்டளையாகத் தட்டிக் கற்றுக்கொண்டான். சாமர்த்தியசாலிதான், அதில் குறையில்லை. கோபம்தான் கொஞ்சம் கூடுதல்.

புது ஃபர்ம்வேர் ஏற்ற வழிவிடும் விசை ஒன்று மூலையில் இருந்தது. நேற்றுப் பயிற்சியின்போது சுண்டுவிரல் அதில் பட்டுக் கீபோர்டு பாதியில் செத்துப்போனது. எரிச்சலில் அந்த விசையையே நிரலிலிருந்து எடுத்துவிட்டான். எல்லாம்தான் முடிந்ததே, இனி எதற்கு? காலையில் வேகமாகத் தட்டிப் பார்த்தால் நீள விசை மந்தமாக இருந்தது, எழுத்துகள் உளறின. நிரலில் ஓர் எண்ணைக் குறைத்தால் சரியாகிவிடும். குறைத்தான். உள்ளே ஏற்றத்தான் வழியில்லை. மிஞ்சியது ஒன்றுதான்: அடித்துளைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கேபிளைச் செருக வேண்டும். ஒற்றைக் கைக்காரனுக்கென்று செய்த கீபோர்டு இரண்டு கை கேட்டது.

பல்குச்சியைப் பல்லில் கடித்துத் துளைக்குள் விட்டான், உடைந்தது. கீபோர்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பார்த்தான், நழுவி விழுந்தது. நாளைக்கு எதற்கும் உன்னை எழுப்ப மாட்டேன் என்று நேற்று வீராப்பாகச் சொல்லியிருந்தான். அவமானமாக இருந்தது. அறை வாசலில் போய் நின்றான்.

"லோஷினி."

எதற்கு என்று கேட்காமலே எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுத் தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் வேணுமா?"

"மேல மூலையில இதுக்குன்னே ஒரு பட்டன் இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

"அலமாக்! அத திரும்ப வைங்க."

"இப்ப அவசரத்துக்கு…"

"வைங்க லா. நான் எந்நேரமும் இருக்க முடியுமா?"

தூக்கக் கலக்கத்தில் சொன்னதுதான். ஆனாலும் காத்திருந்த கட்டளையை நிறுத்தினான். அழித்த வரியைச் சாதாரணக் கீபோர்டில் ஒற்றை விரலால் மறுபடி எழுதினான், இந்த முறை இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும்படி. பழைய கணினி முக்கி முனகித் தொகுத்து முடித்து மறுபடி புள்ளிகள் விழத் தொடங்கும்வரை அவள் ஊக்கோடு காத்திருந்தாள்.

"இப்ப அழுத்து."

அழுத்தினாள். அவன் கேபிளைச் செருகினான். புள்ளிகள் நின்று வரிகள் சரசரவென்று ஓடின.

தட்டிப் பார்த்தான். எழுத்துகள் ஒழுங்காக வந்தன. சொல்லலாம் என்று திரும்பினால், அவள் மேசைமேல் சாய்ந்து அவனுடைய வலது கையில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். விரலிடுக்கில் ஊக்கு இன்னும் இருந்தது. அவள் மூச்சில் அவன் கை முடிகள் அசைவது தெரிந்தது. பாரமோ சூடோ தெரியவில்லை.

தேர்வுப் பக்கம் திறந்தது. கையை உருவினால் விழித்துக்கொள்வாள். அது அங்கேயே இருக்கட்டும் என்று, இடது கையால் முதல் வார்த்தையைத் தட்டத் தொடங்கினான்.