ரோசக்காரியின் மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ரோசக்காரி என்று பெயர். மாடுகளின் சினையைக் கலைக்கும் கன்றுவீச்சு நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை மருந்தை அங்கே தயாரித்தார்கள். அதில் ஏற்றும் ரோஸ் சாயம் எத்தனை சோப்பு போட்டாலும் அவள் நகக்கண்ணை விட்டுப் போகாது. மூக்குக்கு மேல் வரும் கோபமும் அப்படித்தான். இரண்டில் எதற்காக அந்தப் பெயர் என்று கேட்டால் ஊழியர்கள் சிரிப்பார்களே தவிர வாயைத் திறக்க மாட்டார்கள்.

கிருமியைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து, சூட்டில் கொன்று, கழுவி, சாயம் ஏற்றிப் புட்டியில் அடைப்பது வரை அத்தனைக்கும் அவள்தான் மேற்பார்வை. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு புட்டி வாசலைத் தாண்டாது. அந்தப் புட்டிகளில் ஒன்றுதான் அவள் அண்ணன் வீட்டுத் தொழுவத்துக்கும் போனது.

அண்ணன் பால் பண்ணைக்காரர். அந்த வட்டாரத்திலேயே பெரிய தொழுவம் அவருடையது. கால்நடை டாக்டர் அக்கம்பக்கத்துத் தொழுவங்களிலும் சேர்த்துச் சோதித்ததில் அவருடைய ஏழு மாட்டுக்கு மட்டும் நோய் என்று வந்துவிட்டது. ஏழையும் ஒதுக்க வேண்டும், பாலை யாரும் வாங்கக் கூடாது என்று உத்தரவு. மறுநாள் காலையே அண்ணன் பத்திருபது மாட்டுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"என் மாட்டுக்கு ஒரு கேடும் இல்ல! இவ காய்ச்சுற தண்ணியிலதான் கேடு! கூடப்பொறந்தவ செய்யுற வேலையா இது?"

உள்ளே இயக்குநர் ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை, சத்தம் என்றால் மட்டும் ஆகாது.

"மேடம், உங்க அண்ணன்தானே? இந்தத் தடவை செஞ்ச தொகுதி மருந்துல சந்தேகம் இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்குவோம். கூட்டமும் கலைஞ்சிடும், உங்க குடும்பத்துலயும் சண்டை இருக்காது."

"சந்தேகம் இல்லையே சார்."

"இல்லன்னு எனக்கும் தெரியும். சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னா நீங்களே பேசிடுங்க. என் கையெழுத்து பேச்சுக்குப் போடுறது இல்ல."

சொல்லிவிட்டு அவள் நேராக வாசலுக்குப் போனாள். வெள்ளைக் கோட்டில் ஆங்காங்கே ரோஸ் கறை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் ஆடிக் காட்டுறேன், வாங்க" என்றாள். "உங்க எல்லார் தொழுவத்துலயும் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கட்டும். எந்தக் குழாய் எந்த மாடுன்னு நீங்களே சீட்டுல எழுதி மடிச்சு ஒட்டுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம். இதே தொகுதி மருந்தை வச்சு உங்க கண்ணு முன்னால பார்க்கிறேன். முன்னால வந்த முடிவுல ஒண்ணு பிசகினாலும் இந்தக் கோட்டைக் கழட்டி உங்க கையில கொடுத்துட்டுப் போயிடுறேன், அண்ணே."

"வார்த்தை மாற மாட்டியே?" என்றார் அண்ணன்.

"நான் உன் தங்கச்சி."

பால் சேகரிப்பு நிலையத்தின் கூடத்தில் மேசை போட்டார்கள். காலையில் எடுத்த ரத்தம் குழாய்களில் உறைந்து, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. சீட்டு மடித்து ஒட்டுகிற வேலையை அண்ணனே பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்தார். கூட உதவிக்கு அண்ணி. அண்ணி மெலிந்துபோய், நல்ல வெயிலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ரோசக்காரியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கணவர் எதிரில் பேசினால் வம்பு என்று நினைத்தாள் போலிருக்கிறது.

வெள்ளை ஓட்டின் மேல் ஒரு சொட்டு மஞ்சள் நீர், பக்கத்தில் ஒரு சொட்டு ரோஸ் மருந்து. குச்சியால் கலக்கிவிட்டு ஓட்டை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோய் இல்லையென்றால் பால்கோப்பையில் சாயம் கரைத்தாற்போல் வழவழவென்று இருக்கும். இருந்தால் திரிந்துபோகும், பொடி மணலாய்த் திட்டுத் திட்டாய் ஒதுங்கும். அதை நேற்றுப் பள்ளிக்கூடம் சேர்ந்த குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

திரியாதவற்றை இடப்பக்கம் வைத்தாள், திரிந்தவற்றை வலப்பக்கம். மாட்டுக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் எத்தனை வீராப்புப் பேசினாலும் மருந்துப்புட்டி வெயிலில் கிடந்திருந்தால், யாராவது குழாயை மாற்றியிருந்தால் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

முடிந்ததும் டாக்டர் சீட்டுகளைப் பிரித்து உரக்கப் படித்தார். இடப்பக்கம் அக்கம்பக்கத்துத் தொழுவத்து மாடுகள், அண்ணனுடைய கிடேரிகள். வலப்பக்கம், "கறுப்பி... சுட்டிக்கொம்பு... பெரியவ..." என்று அண்ணன் வீட்டு மாடுகள் வந்துகொண்டே இருந்தன. அதே ஏழு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் அண்ணனை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

வலப்பக்கத்தில் இன்னும் ஒரு குழாய் மிச்சம் இருந்தது. டாக்டர் சீட்டைப் பிரித்தார், படிக்காமல் நிறுத்தினார்.

"இதுல 'நான்'னு மட்டும்தான் எழுதியிருக்கு."

"பார்த்தீங்களா!" என்று துள்ளினார் அண்ணன். "எட்டாவதா ஒண்ணு! என்கிட்ட அப்படி ஒரு மாடே கிடையாது. யாரு மாடு இது?"

"மாடு இல்லீங்க" என்றாள் அண்ணி, பின்னாலிருந்து. "நாந்தான்."

எட்டிப் பார்த்தவர்கள் திரும்பி அவளுக்கு வழி விட்டார்கள்.

"கிளினிக் நர்ஸ்கிட்ட ரத்தம் எடுத்துட்டு வந்து நாந்தான் சீட்டு ஒட்டி உள்ள வச்சேன். மாசக்கணக்கா காய்ச்சல் வருது, போகுது. மூட்டு மூட்டா கழண்டு விழுது. வேலைக்குப் பயந்து படுக்கிறேன்னு சொன்னீங்க. செத்துப் பொறந்த கன்னுக்குட்டியை வெறுங்கையால இழுத்துப் போட்டது நானு. மனுஷி சொன்னா காதுல விழலன்னுதான் மாட்டு வரிசையில போய் நின்னேன்."

"ஏய், நாலு பேர் முன்னால..." என்று அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

ரோசக்காரி நடுவில் போய் நின்றாள். "கையைக் கீழ போடு அண்ணே. அவங்க மேல பட்டுச்சுன்னா இங்கிருந்து நேரா போலீஸுக்குத்தான் போவேன். அண்ணன்னு பார்க்க மாட்டேன்."

கை தானாக இறங்கியது. டாக்டரும் அதற்குள் எழுந்து பக்கத்தில் வந்திருந்தார்.

"இது மாட்டுக்குச் செஞ்ச மருந்து, அண்ணி. இதை வச்சு முடிவா சொல்ல முடியாது" என்றாள் அவள், குரல் தணிந்து. "ஆஸ்பத்திரியில உறுதி பண்ணணும். மாட்டுக்கிட்டேருந்து மனுஷருக்கும் ஒட்டுறதுதான், ஆனா இது குணமாகிற நோய்தான். செருப்பைப் போடுங்க, போகலாம்."

"தொழுவத்துல வேலை கெடக்கு."

"அதுக்குச் சொந்தக்காரர் இங்கதானே நிக்கிறாரு."

ஆஸ்பத்திரியில் அதே நோய்தான் என்று உறுதியானது. வாரக்கணக்கில் மாத்திரை, ஊசி. ஏழு மாடுகளையும் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருந்தார், பார்க்க வரவில்லை. மற்ற மாட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே, இதுவரை சோதிக்காத தங்கள் மாடுகளையும் சோதிக்கக் கொண்டுவந்தார்கள்.

இயக்குநருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. மாட்டு மருந்தை மனித ரத்தத்தில் போட்டது விதிமீறலாம்.

"யாரோட ரத்தம்னு உங்களுக்குத் தெரியாது, அறியாம நடந்ததுன்னு எழுதிடலாம் மேடம்" என்றார் அவர், இந்தத் தடவை திரையை இழுக்காமல்.

"தெரியாதுங்கிறது உண்மை, எழுதுங்க. தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன். அதையும் சேர்த்தே எழுதுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்து, அவள் சொன்னபடியே எழுதினார். மேலிடத்திலிருந்து அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்ததோடு விஷயம் முடிந்தது.

அண்ணன் அவளோடு இன்னும் பேசவில்லை. ஆனால் அண்ணிக்கு ஊசி போடுகிற நாட்களில் ஆஸ்பத்திரிக்கு அவரேதான் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருநாள் ரோசக்காரி போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டே சற்று நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.