வெள்ளிக்கிழமைச் சீட்டு

கோதண்டம் யாரையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரன் ஊற்றிவிட்டுப் போனால் விரலை முக்கி எடுத்து, சொட்டு எப்படி வழிகிறது என்று பார்ப்பார். கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் எல்லாக் கடையிலும் ஜிபே அட்டை தொங்குகிறது, அவர் டீக்கடையில் மட்டும் கிடையாது. பேச்சு இனித்தால் அதில் ஏதோ கலப்படம் இருக்கும் என்பது அவர் தீர்மானம். அப்படிப்பட்டவர் யூனிஸ் டீச்சரை நம்பாததில் அதிசயம் ஒன்றுமில்லை.

பேத்தி துர்காவை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்றைக்கே அது ஆரம்பித்துவிட்டது. துர்காவின் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வந்து தலையைக் காட்டுவார்கள். பிள்ளை தாத்தாவோடு. அதற்கு வாய் நீளம், அடிக்க ஓங்கும் கை அதைவிட நீளம்.

"கண்ணை மட்டும் வுட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சரம்மா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார் கோதண்டம்.

டீச்சர் சிரித்தார். "தோலை உரிச்சிட்டா அப்புறம் யாரை உக்கார வெச்சி பாடம் நடத்தறது ஐயா?"

கோதண்டம் சிரிக்கவில்லை. டீச்சரின் மேசையைப் பார்த்தார். சாக்பீஸ் டப்பா இருந்தது, பிரம்பு இல்லை. இது தேறாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

ஆட்டோ ஓட்டும் முருகவேலின் மகள் மோகனப்ரியாவும் அதே வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவன்தான் சேதி கொண்டுவருவான்.

"பசங்க கூச்சல் போட்டா அந்தம்மா கத்தறதே இல்லியாம், தாத்தா. சும்மா நின்னுகினு இருப்பாங்களாம். கொஞ்ச நேரத்துல பசங்களே ஒண்ணை ஒண்ணு அடக்கிக்குதுங்களாம்."

"நிக்கறதுக்கா சம்பளம்? அதுக்கு இந்த பஸ் ஸ்டாப் கம்பமே போதுமே."

"இன்னொண்ணு கேளு. அடிச்சிகினு உருண்ட ரெண்டு பேரையே கூப்ட்டு, சாப்பாட்டுக்கு எல்லாரையும் வரிசையா நிக்க வைக்கற வேலைய குடுத்துட்டாங்களாம்."

"வெளங்கிடும்" என்றார் கோதண்டம்.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நகரி பஸ் வந்து நின்று கடையில் கூட்டம் நெரிந்த நேரம், துர்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் நாலாக மடித்த சீட்டு.

"தாத்தா, டீச்சர் குடுத்தாங்க. இனிமே வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குடுப்பாங்களாம். படிச்சிட்டு கையெழுத்து போட்டு அனுப்பணுமாம்."

பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தால் என்ன அர்த்தம் என்று கோதண்டத்துக்குத் தெரியும். இவளைப் பெற்ற பத்மாவுக்கும் ஒரு காலத்தில் இப்படி வந்தது. அன்றைக்கு அவர் குடுத்த குடுப்பில் அவள் ஒன்பதாவதோடு நின்றுகொண்டாள்.

அவர் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முதலில் 'துர்கா' என்று இருந்தது. நடுவில் எழுத்தெழுத்தாகக் கூட்டினால் 'சண்டை'. மிச்சமெல்லாம் நீளநீளமான வார்த்தைகள், தாண்டிப் போனார். கடைசியில் 'கெட்ட' என்று தெரிந்தது. போதாதா?

"இன்னாடி எழுதிகீது?"

"நல்லாத்தான் எழுதிகீது தாத்தா. நான் கெட்டிக்..."

பளார் என்று ஒன்று விழுந்தது. "எங்கிட்டயே பொய் சொல்றியா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?" அடுத்த கன்னத்தில் இன்னொன்று.

கீழே விழுந்த சீட்டை முருகவேல் எடுத்தான். எடுத்தவன் உரக்கப் படித்தான்.

"துர்கா இன்று தோழிகள் இருவரின் சண்டையைத் தானே விலக்கிவிட்டாள். கெட்டிக்காரி."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. 'டி'யின் மேல் இருந்த கொக்கியையும் அதற்குப் பின்னால் இருந்த மிச்சத்தையும் கோதண்டத்தின் கண் விழுங்கியிருந்தது.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுதும்மா என்றால் தீர்ந்தது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக, "சரி வுடு. அடுத்த தப்புக்கு முன்கூட்டியே வாங்கிகினேன்னு வெச்சிக்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். கையெழுத்தைக் கிறுக்கி நீட்டினார். துர்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழவில்லை என்பதையே அவர் நல்லதாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "சீட்டு எங்க?" என்று கேட்டார். "இந்த வாரம் குடுக்கல தாத்தா." அதற்கடுத்த வாரம், "நிறுத்திட்டாங்க."

கோதண்டத்துக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். "பாத்தியா நைனா, மூணு வாரம் தாங்கல அந்தம்மா வித்தை" என்று முருகவேலிடம் சொன்னார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் யூனிஸ் டீச்சரே கடைக்கு வந்துவிட்டார். துர்கா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள்.

"நேத்து துர்காகிட்ட, தாத்தாவை வரச் சொல்லும்மா, உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்னேன். அவ்வளவுதான் ஐயா, தேம்பித் தேம்பி அழறா. அதான் நானே வந்தேன்."

டீச்சர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கையெழுத்தாகித் திரும்பி வரும் சீட்டுகளைப் பிள்ளை வாரியாக ஒட்டி வைப்பாராம். துர்காவின் பக்கத்தில் ஆறு சீட்டு இருந்தது.

முதல் சீட்டில் இருந்தது அவர் கையெழுத்து. 'கோதன்டம்'. ரேஷன் கடை, பேங்க், எங்கே கேட்டாலும் அப்படித்தான் அவர் போடுவார். மற்ற ஐந்திலும் 'கோதண்டம்' என்று இருந்தது. கிழவன் கை நடுக்கத்தைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள் துர்கா. எழுத்துப் பிழையை மட்டும் போட அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"முதல் வாரம் ரெண்டு சுழி. அப்புறம் எல்லாத்துலயும் மூணு சுழி" என்றார் டீச்சர். "நீங்க போட்டதுதானே ஐயா?"

வேறு ஒரு நாளாக இருந்தால் மில்லுக்கே போய் அவளைத் தரதரவென்று இழுத்து வந்திருப்பார். தாத்தா கையெழுத்தையே திருடினவள் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார். இன்றைக்குக் கால் கடையை விட்டு நகரவில்லை.

"ஆங், நான்தான் போட்டேன். தப்பா எழுதற தாத்தான்னு பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சி."

டீச்சர் நோட்டை மூடப் போனார். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்.

"அந்த அஞ்சையும் கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க. கண்ணு சரியா தெரியல."

டீச்சர் படித்தார். வகுப்பில் வாந்தி எடுத்த பிள்ளையை முகம் கழுவ அழைத்துப் போய், தரையையும் யாரும் சொல்லாமல் துர்காவே துடைத்தாளாம். ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து வந்து சேர்ந்த பெண்ணுக்கு இடைவேளையில் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தாளாம். ஒரு வாரம் கேள்வி கேட்கக் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தாளாம். உலக உருண்டையை உடைத்தது தான்தான் என்று தானே வந்து சொன்னாளாம். ஐந்தாவதில், 'கோபம் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்' என்று இருந்தது.

"அத்த இன்னொரு தரம் படிங்க" என்றார் கோதண்டம்.

டீச்சர் படித்தார். திருத்தணி பஸ் வந்துவிட்டது. "நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

"வேணாம். நீங்களும் சொல்லாதீங்க."

சொன்னால், சீட்டுக் கையெழுத்து தெரிந்துபோயிற்று என்று பிள்ளை நடுங்கிப்போகும். சொல்லாவிட்டால், அந்த ஐந்தில் ஒன்றைக்கூட அவர் வாயால் பாராட்ட முடியாது. தன் பேத்தி நல்லவள் என்பதே அவர் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்ட சங்கதியாகிவிட்டது. மில்லிலிருந்து துர்கா மாவுத் தூக்கோடு வந்தபோது, சூடு ஆறியிருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே பெஞ்சில் இருந்தவர்களைக் கிளப்பிவிட்டார். முருகவேல், "இன்னா தாத்தா, கடைய மூடறியா?" என்றான். "ஆங், மூடறேன், போ" என்றார். துர்கா வந்தாள்.

"கையெழுத்து போட எதுனா கீதாம்மா?"

அவள் கை பையின் ஜிப் வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது.

"இல்ல தாத்தா."

"இருந்தா குடு. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"இல்லன்னு சொல்றேன் இல்ல."

சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். அவர் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

"சரி, போய் மூஞ்சி கழுவிகினு வா. டீ போடறேன்" என்றார் கோதண்டம்.