ஐந்தாம் கோயிலின் மஞ்சள் வாளி

பாங்காக்கில் ஒரே நாளில் ஒன்பது புத்தர் கோயில்களைக் கும்பிட்டால் பிடித்த பீடையெல்லாம் விலகும் என்று நம்பித்தான் பன்னிரண்டு பேரும் வேனில் ஏறியிருந்தார்கள். உபோனுக்கு ஒரே ஒரு காரியம்தான். செத்து நூறு நாளான புருஷன் தவின் மூன்று தடவை கனவில் வந்து, "காலு சில்லுன்னு இருக்குடி" என்றிருந்தான். செத்தவருக்கு எது குறையோ அதைப் பிக்குவிடம் கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேரும். அதனால் காவி நிறக் கம்பளி நூலில் தன் கையாலேயே காலுறை பின்னி, அரிசி, சோப்பு, இருமல் மருந்தோடு, பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும் மஞ்சள் வாளியில் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

ஐந்தாவது கோயிலில் அதைக் கொடுத்தாள். பிக்கு கொட்டாவியை அடக்கிக்கொண்டு மந்திரம் சொன்னார். நடுவில் அவர் கண் செல்போனுக்குப் போய்த் திரும்பியது. அதையும் பொறுத்துக்கொண்டாள். தவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

"அக்கா, சீக்கிரம்! இன்னும் நாலு கோயில் கெடக்கு" என்று தங்கை லட்டாவன் வாசலிலிருந்து கத்தினாள்.

கழிப்பறை தேடிப் பின்பக்கம் போன உபோன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஓர் அறை நிறையக் கூரை வரைக்கும் வாளிகள். கிழிந்த பொட்டலங்களில் புழு நெளிந்தது. எலிப்புழுக்கை, ஊசிப்போன நாற்றம். கோயில் ஆள் ஒருவன் அவளுடைய வாளியை அங்கிருந்து தூக்கிப் போய், முன்மண்டபத்தில் வாளி விற்கும் மேசையில் வைத்தான். உபோன் பின்னாலேயே போனாள். அடுத்த நிமிஷமே பட்டுச்சட்டைக்காரி ஒருத்தி காசு கொடுத்து அதை எடுத்துக்கொண்டு அதே பிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"ஏம்ப்பா, அது என் வாளி! என் புருஷனுக்குக் குடுத்தது."

"எல்லாரும் யாருக்காவதுதான் குடுக்கறாங்கம்மா. உள்ள எங்க வைக்கிறது? புண்ணியம் மனசுலதான் இருக்கு, வாளியில இல்ல."

"அப்புறம் மேசை எதுக்குடா? ஒரே எச்சில் தட்டுல எத்தனை பேருக்குச் சோறு போடுவே?"

பொழுது சாய்வதற்குள் அந்த ஒரு ஜோடி காலுறை எத்தனை பிணங்களின் பெயருக்குப் போகுமோ! நினைக்கவே உடம்பெல்லாம் கூசியது. நேராகப் போய், பட்டுச்சட்டைக்காரியின் வாளியிலிருந்து காலுறைகளை உருவினாள்.

லட்டாவன் ஓடி வந்தாள். "ஐயோ அக்கா! பிக்குவுக்குக் குடுத்தத எடுத்தா அடுத்த ஜென்மத்துல பேய்தான்! பனைமர உசரம், ஊசிக்காது அளவு வாய்!"

"ஆயிட்டுப் போறேன். இவனுங்க வாய்க்கு அது எவ்வளவோ மேல்."

வேனில் எல்லோரும் அவளைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆறாவது கோயில் வந்தபோது அவள் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தவின் அளவுக்குப் பின்னிய அந்தப் பெரிய காலுறைகளைத் தன் காலில் மாட்டிக்கொண்டாள்.

"என்னக்கா இது கூத்து?"

"ராத்திரி வருவாருல்ல? நானே கழட்டி அவருக்குப் போட்டுவிடறேன். நடுவுல எவனும் வேணாம்."